மேற்கெல்லை

ஜூன் 2

நாத்தனாருக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. விசாரித்தால் நீ பதில் எழுத வேண்டும், அந்தப் பதிலுக்கு நான் பதில் எழுத வேண்டும். அவ்வளவு பொய்க்கு நம் இருவருக்குமே வயதில்லை. செய்திக்கு வருகிறேன்.

வீட்டை விற்கிறேன். ‘விற்கிறோம்’ என்று எழுதுவதே சரி. பத்திரம் உன் அண்ணன் பெயரிலும் உன் பெயரிலும் இருக்கிறது. அவருடைய பாதி, அவர் இறந்த இந்த இரண்டு வருடங்களாக என்னுடையது. உன் பாதி உன்னுடையது. உன் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டின் ஒரு தாழ்ப்பாளைக்கூட என்னால் விற்க முடியாது.

காரணம் என் முழங்கால். படுக்கையறைக்குப் பதினேழு படிகள் ஏற வேண்டும். கீழே பின்னறை சும்மாதானே கிடக்கிறது, அங்கே படுத்துக்கொள்ளலாமே என்பாய். அந்த அறையில் நான் படுப்பதில்லை. முதியோர் விடுதி ஒன்றில் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறேன். ஜூலை கடைசிவரை காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அடுத்த முழங்காலுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வாங்குபவர்கள் ஒரு தம்பதி. மனைவி பல் மருத்துவர். சுவர்களை விரலால் தட்டித் தட்டிச் சொத்தை தேடுகிறாள். கணவன் அவளுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிறான். ஜூலை இருபத்தைந்தாம் தேதி பத்திரப் பதிவு. நீ வந்து கையெழுத்திட வேண்டும். வீட்டுக்கு வர வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்துக்கு வந்தால் போதும்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ‘இனி அந்த எண்ணுக்கு என் விரல் போகாது, அங்கிருந்து வந்தாலும் எடுக்க மாட்டேன்’ என்று ஆறு வருடங்களுக்கு முன் நீ எழுதிய கடிதத்தை மதித்து, தபாலில் எழுதுகிறேன்.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் இறந்த செய்தியையும் இப்படித்தான் தபாலில் அனுப்பினீர்கள். அது வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டை விற்க மட்டும் ஏழு வாரம் முன்னாலேயே சொல்கிறீர்கள். பரவாயில்லை, முன்னேற்றம்தான்.

கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன இருக்கிறது? உங்களோடு சண்டை போட்டுவிட்டு வந்து மூன்று மாதம் கழித்து, மானத்தை விட்டு நானே போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். “அண்ணா, நான்தான்” என்றேன். “யாரு நீ?” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, “நான்தாண்ணா” என்றேன். “யாரு நீன்னு கேக்கறேன்ல?” என்று ஒரு அதட்டல். கூடப் பிறந்தவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒன்று கேட்க வேண்டுமா? வைத்துவிட்டேன். யாரோ ஒருத்தியின் கையெழுத்து உங்களுக்கு வேண்டும் என்கிறீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கும் வீட்டுத் தலைவலிதான். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் பங்கு வந்தால் சின்னதாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கலாம். ஒன்று பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாடி, நல்ல வெளிச்சம், தரகர் தேனொழுகப் பேசுகிறார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து வீடு பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரிகிறது. உட்கார நாற்காலி இருந்தால் சரி.

நீங்கள் எதிலும் குறை கண்டுபிடிப்பவர். நாற்பது வருடமாக என்னிடம் கண்டுபிடித்தீர்கள். அந்தத் திறமை இந்த ஒரு முறை எனக்குப் பயன்படட்டும். எதைப் பார்க்க வேண்டும், எழுதுங்கள்.

நாத்தனார்


ஜூன் 19

நாத்தனாருக்கு,

உன்னிடம் நான் கண்ட குறைகள் சிலவே. அவற்றை அடிக்கடி கண்டேன், அவ்வளவுதான்.

கேட்டதனால் சொல்கிறேன். முதலில், அந்த வீட்டை மழை நாளில் போய்ப் பார். வெயிலில் எல்லா வீடும் அழகிதான். தரகரின் வாயைப் பார்க்காதே, குழாயைப் பார். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தண்ணீர் எந்தக் குழாய்க்குப் போகாமல் நிற்கிறது என்று கவனி. சுவரோடு ஒட்டிப் பெரிய அலமாரி நின்றால் அதை நகர்த்தச் சொல். ‘நகர்த்த முடியாதும்மா, கனம்’ என்பார்கள். கனம் அலமாரியில் இருக்காது. ஈரத்துக்கு எப்போதும் அலமாரியின் முதுகில்தான் குடித்தனம்.

மாடிப்படியில் எதிர்ப்படும் கிழவியிடம் பேச்சுக் கொடு. ஒரு வீட்டைப் பற்றிப் பொய் சொல்வதால் எங்களுக்கு லாபம் கிடையாது. யாரும் எங்களிடம் எதையும் கேட்பதில்லை என்பதால், கேட்டதற்கு மேலேயும் சொல்வோம்.

பத்திரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படி. முதல் பக்கத்தில் எல்லோரும் யோக்கியர்கள். நான்கெல்லையை, அதாவது வடக்கே யார், கிழக்கே யார், தெற்கே யார், மேற்கே யார் என்பதை, தாளில் படித்துவிட்டு வராதே. அந்த மண்ணிலேயே நின்று ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிச் சரிபார். முப்பத்தைந்து வருடம் ஊரார் நிலத்தை அளந்தவரின் தங்கைக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘எல்லை தெரியாதவனுக்கு வாசல் எதுக்கு?’ என்பார் உன் அண்ணன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: வீடு முழுவதும் பழைய வண்ணமாக இருந்து, ஒரே ஒரு சுவர் மட்டும் புது வண்ணமாக இருந்தால், அந்தச் சுவர் எதை மறைக்கிறது என்று கேள். பதில் வரும்வரை பேனா மூடியைத் திறக்காதே.

விற்பவளுக்கும் ஒரு விதி உண்டு. குறையைத் தானே முதலில் சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் கண்டுபிடிக்கும் குறை, நாம் சொன்ன குறையைவிட இரண்டு மடங்கு பெரியது. பல் மருத்துவர் மூன்றாம் படியில் கால் வைத்ததும் அது கிரீச்சிட்டது. “இது ரொம்ப நாளா ஆடுதாம்மா?” என்றாள். “நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலருந்தே ஆடுது. சரி பண்ணிடாதே, திருடன் வந்தா அதுதான் முதல்ல கத்தும்” என்றேன். சிரித்தாள். நம்பிக்கை என்பது அப்படித்தான் வரும்.

எங்கள் தரகருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். “கூரை ஒழுகாதுல்ல?” என்றால் “ஆமா ஆமா” என்கிறார். “ஒழுகுமோ?” என்றாலும் அதேதான். தருக்கவியல் வகுப்பில் என்னிடம் இப்படி ஒரு மாணவன் இருந்தான். முதல் வகுப்பில் தேறினான்.

அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே மழையில் போனேன். குடையை மடக்கும் முன்பே தரகர் முகம் மாறிவிட்டது. “இந்த மழையில எதுக்கும்மா சிரமம்?” என்றார். அலமாரியை நகர்த்தச் சொன்னேன். “கனம்மா, நாலு ஆள் வேணும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணி. நானே தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பின்னால் சுவர் முழுக்கக் கருப்பு. விரல் வைத்தால் உதிர்கிறது.

மாடிப்படியில் கிழவியும் கிடைத்தார். “மூணு குடும்பம் இருமிக்கிட்டே போச்சு, நாலாவது நீயா?” என்று கேட்டார்.

அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தெருவில் இரண்டாம் மாடியில் வேறொன்று பார்த்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் சுவர் எல்லாம் ஒரே வயது. நான்கு பக்கமும் திரும்பி நின்று பார்த்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று அளவுச் சங்கிலி பிடிப்பது போல இருந்தது. கோபம் வந்தது, உடனே போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

நேற்று உங்கள் பல் மருத்துவர் போன் செய்தார். ஆமாஞ்சாமி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். “நீங்களும் ஒரு சொந்தக்காரர்தானே, அதான் கேக்கறேன். பின்னறையில ஒரு சுவர் மட்டும் புதுசா வெள்ளை அடிச்சிருக்கு. அதுக்குள்ளேருந்து ஊதா நிறத்துல ஏதோ கசியுது. உங்க அண்ணிகிட்டக் கேட்டா, ‘டீ குடிக்கிறியா’ங்கறாங்க. என்னங்க அது?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று ஓர் அந்நியரிடம் சொன்னேன்.

உங்கள் விதிதான், அண்ணி. ஒரே ஒரு சுவர், புது வண்ணம். என்ன மறைக்கிறது? பதில் வரும்வரை பேனா மூடியைத் திறக்கப் போவதில்லை.

நாத்தனார்


ஜூலை 6

நாத்தனாருக்கு,

ஈரம்.

அண்ணி


ஜூலை 10

அண்ணிக்கு,

ஈரம் ஊதா நிறத்தில் எழுதாது. அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் இருந்த பென்சில்தான் அப்படி எழுதும். நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். உதடு ஊதாவாக இருக்கும். அம்மா திட்டுவார்.

இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நான் வரவில்லையென்றால் பல் மருத்துவர் வேறு வீடு பார்ப்பார், விடுதியில் உங்கள் அறை போய்விடும், எனக்கும் இந்த வீடு கிடைக்காது. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். சுவரில் என்ன இருக்கிறது?

நாத்தனார்


ஜூலை 14

நாத்தனாருக்கு,

கெட்டிக்காரி. அதை உன்னிடம் நான் என்றுமே குறையாகச் சொன்னதில்லை.

சுவரில் ஈரம் இல்லை. எழுத்து இருக்கிறது. எழுதியவர் உன் அண்ணன்.

நீ தொலைபேசியில் கேட்ட ‘யாரு நீ?’ என்பது வசவு இல்லை. அது கேள்வி. அவருக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின மாதம் எதிர்வீட்டுத் தச்சரின் மனையை அளக்கப் போனவர், சங்கிலியின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டே மறுமுனையைத் தேடிக்கொண்டிருந்தாராம். தச்சர் கைபிடித்து அழைத்து வந்தார். மருத்துவர் பார்த்தார், நோய்க்குப் பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். “அளவு தப்பினவன்னு ஒருத்தர் வாயிலயும் வரக் கூடாது. வாலுகிட்டயும் சொல்லாதே. அவ அழுவா.”

வாலு. உன்னை அப்படி அழைத்த கடைசி ஆள் அவர்.

பிறகு வீடே அவருக்கு ஊராகிவிட்டது. குளியலறைக்கு வழி தவறும். ஆனால் தொழில் மறக்கவில்லை. பின்னறைச் சுவரில் அந்த ஊதாப் பென்சிலால் வீட்டை அளந்து வரைந்தார். ‘கட்டிலிலிருந்து கதவு: ஏழு அடி. கதவிலிருந்து இடப்பக்கம் குளியலறை: பதினொன்று.’ அளவுகளை நான் நாடா வைத்துச் சரிபார்த்தேன். ஓர் அங்குலம் பிசகவில்லை. அதற்குக் கீழே, பத்திரத்தில் எழுதுவது போலவே, தன்னையே எழுதி வைத்தார். அதை அப்படியே தருகிறேன்:

‘இந்த ஆளுக்கு நான்கெல்லை.
வடக்கே: மனைவி. கண்ணாடி போட்டிருப்பாள். கத்தினாலும் இவள்தான்.
கிழக்கே: எதிர்வீட்டுத் தச்சர். நல்லவர்.
தெற்கே: தெரு. தனியே போகக் கூடாது.
மேற்கே: தங்கச்சி வாலு. கோபமா இருக்கா. ஏன்னு கேக்கணும்.’

தினமும் காலையில் அதைப் படிப்பார். மேற்கெல்லைக்கு வந்ததும் என் பக்கம் திரும்புவார். “வாலு ஏன் கோவமா இருக்கா?” என்பார். “தெரியாது” என்பேன். “கேட்டுச் சொல்லு” என்பார். “சரி” என்பேன். மறுநாள் முதல் தடவை கேட்பவர் போலவே கேட்பார். ஒரே பொய்யை நான்கு வருடம் புதிதாகவே சொல்லிக்கொண்டிருக்க அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் முடியும்.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று எழுதி இதை முடித்துவிடலாம். அது பாதி. மறு பாதியை விற்பவளுக்கான விதிப்படி நானே சொல்கிறேன். உன் அம்மா இறந்த மாதம் சமையலறை வாசலில் நின்று என்னிடம் சொன்னாய்: “நீங்க இங்க குடியிருக்கிறவங்கதான் அண்ணி. வீட்டுக்காரங்க நாங்க.” பிள்ளையில்லாத ஒருத்தியிடம் சொல்லத்தக்க மிகச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தாய். அதை நான் அடைகாத்தேன். ‘அண்ணன் என்னை யாரென்று கேட்டுவிட்டார்’ என்று நீ அழுது எழுதிய கடிதம் வந்தபோது, ஒரே வரியில் உன்னைத் திருத்தியிருக்கலாம். குடியிருப்பவள்தானே, வீட்டு விஷயத்தில் எனக்கென்ன என்று மடித்து வைத்தேன். இறந்த செய்தியைத் தபாலில் அனுப்பியதும் மறதியால் இல்லை. அந்த வீட்டில் மறதி அவருக்கு மட்டும்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று முப்பது வருடம் வகுப்பில் நிறுவிக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் நம்பிக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

விற்பதென்று முடிவானதும் நானே வெள்ளை அடித்தேன். அந்தப் பென்சில் நனைந்தால் மையாகிவிடும் என்பதை மறந்துவிட்டேன். ஈரச் சுண்ணாம்பு பட்டதும் எழுத்தெல்லாம் முன்பைவிட அழுத்தமாக எழுந்து வந்தது. இரண்டாம் பூச்சில் இன்னும் அழுத்தம். உன் பெயர்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவு.

கையெழுத்திடுவதும் இடாததும் உன் விருப்பம்.

அண்ணி


ஜூலை 18

அண்ணிக்கு,

வெள்ளை, நீள்வட்டம், காலையில் ஒன்று. அந்த மாத்திரைதானே? ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது எண்ணிக் கொடுக்கிறேன். சீட்டை நீட்டும் பிள்ளைகள் அழுவார்கள். “யாருன்னு கேட்டா கோவிச்சுக்காதீங்க. ‘நான்தான்’னு சொல்லாதீங்க, அது அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாது. பேரைச் சொல்லுங்க. திரும்பத் திரும்பச் சொல்லுங்க” என்று சொல்லித்தான் அனுப்புவேன். ஊருக்கெல்லாம் சொன்னேன்.

நான் பெயரைச் சொல்லவில்லை, அண்ணி. இரண்டு தடவையும் ‘நான்தான்’ என்றுதான் சொன்னேன். வாலு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்?

உங்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை. சமையலறை வாசலில் நான் சொன்னது எனக்கு நினைவே இல்லை. நீங்கள் எழுதியதும் நினைவு வந்துவிட்டது, எந்தப் புடவை கட்டியிருந்தேன் என்பது உட்பட. அதற்கு நீங்கள் என்னை அடித்திருக்கலாம். இதைச் செய்திருக்க வேண்டாம்.

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். ஒன்றே ஒன்று. அந்தச் சுவரை யாரும் தொட வேண்டாம். நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள்.

வாலு


ஜூலை 21

நாத்தனாருக்கு,

உன் கடிதம் இன்று பகலில் வந்தது. வண்ணம் பூசுபவர் பத்தொன்பதாம் தேதியே வந்துவிட்டுப் போய்விட்டார். பல் மருத்துவர் அனுப்பிய ஆள். அவளுக்கும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கலங்கினாள், பிறகு வீடு வாங்குபவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். முதலில் எண்ணெய்ப் பூச்சு, அது காய்ந்ததும் மேலே வெள்ளை. எண்ணெயைத் தாண்டி அந்த ஊதா வராதாம்.

நான் தடுக்கவில்லை. நீ கேட்பாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நிழற்படம் எடுக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. நான் பெயர்த்தெழுதி அனுப்பிய நான்கு வரிகள்தான் மீதி.

அண்ணி


ஜூலை 27

அண்ணிக்கு,

நீங்கள் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு விடுதிக்குப் போய்விட்டதாக ஆமாஞ்சாமி சொன்னார். “அவங்களுக்கு என்னைப் பார்க்க வேண்டாமாமா?” என்றேன். “ஆமா ஆமா” என்றார். எனக்கும் வேண்டாம் என்றுதான் மத்தியான வண்டியில் வந்தேன்.

எழுத்தர் பத்திரத்தை வேகமாக வாசித்தார். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே தெரு, தெற்கே இன்னார் மனை, மேற்கே வாய்க்கால். எல்லாம் சரிதானே என்றார். மேற்கே தப்பாக எழுதியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்றேன்.

பிறகு தலை நிமிராமலே, “நீங்க யாரு?” என்று கேட்டார்.

“நான்தான்” என்று ஆரம்பித்தேன், அண்ணி. அதற்கு மேல் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவர் மறுபடி கேட்டார். பெயரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். அண்ணன் பெயரைச் சொல்லி, அவருடைய தங்கச்சி என்றேன். கேட்காததையும் சொன்னேன்: “வாலுன்னு கூப்பிடுவார்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “அதெல்லாம் பத்திரத்துல ஏறாதும்மா” என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போனேன். பல் மருத்துவர் பின்னறையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். நல்ல வெள்ளை. கட்டிலிலிருந்து கதவுவரை நடந்து எண்ணிப் பார்த்தேன். கட்டில் இல்லை என்பதால் கணக்கு சரியாக வரவில்லை. கிளம்பும்போது ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “சுவர் நல்லா இருக்குங்க. தட்டிப் பார்த்துட்டேன், உள்ள ஒண்ணும் இல்ல” என்றார்.

என் புது வீட்டுக்கு அடுத்த வாரம் போகிறேன். நீங்கள் சொன்ன யோசனைகள் எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு நன்றி. மற்றதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

நாத்தனார்


ஆகஸ்ட் 3

நாத்தனாருக்கு,

விடுதிக்கு வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. அறை பத்துக்குப் பன்னிரண்டு. படிகள் இல்லை. ஜன்னல் மேற்குப் பார்த்தது. நான் கேட்டு வாங்கியதில்லை, அதுதான் காலியாக இருந்தது. சுவர்கள் எல்லாம் ஒரே வயது.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது, அவர் எனக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். ‘யாரும் இல்லை’ என்று எழுதினேன். அலுவலகப் பெண் அதைக் கோடிட்டு அடித்துவிட்டாள். “யாராவது இருப்பாங்கம்மா, யோசிச்சுச் சொல்லுங்க” என்று புதுப் படிவம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தருக்கம் தெரியாது.

அந்தக் கட்டத்தில் உன் பெயர் வர வேண்டுமானால் உன் கையெழுத்து வேண்டும். இதற்குக் கெடுத் தேதி இல்லை, உன் பங்கு என்று எதுவும் இல்லை, உனக்கு ஒரு லாபமும் இல்லை. குறையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

வெறும் படிவத்தையே திருப்பி அனுப்பினாலும் புரிந்துகொள்வேன். உறைக்குள் தபால்தலை ஒட்டிய இன்னோர் உறை இருக்கிறது. அனுப்புநர் இடத்தில் மட்டும் உன் பெயரை எழுதிவிடு. ‘நான்தான்’ என்று எழுதாதே.

அண்ணி